கூடையில் காணாமல் போன ‘ம்’

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் இதற்குள் போன் வந்திருக்கும்.

போன தடவை வந்தபோது எங்கள் சமையலறைச் சன்னலில் நின்று, "எல்லாருந்தான் குளத்துல குப்பையைப் போடறாங்க, நம்ம ஒரு பையால என்ன மாமா ஆகிடப்போகுது?" என்று கேட்டீர்கள். நீங்கள் கிளம்பும் அவசரத்தில் இருந்தீர்கள், இப்போது சொல்கிறேன். வகுப்பில் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு மை விடுவேன். "ஒண்ணும் தெரியல சார்" என்பார்கள். பிறகு ஆளுக்கு ஒரு சொட்டு விடச் சொல்லி, "இப்ப யார் குடிக்கிறீங்க?" என்பேன். வகுப்பே பின்னால் நகரும். அந்த டம்ளர்தான் எங்கள் குளம். அதன் ஊற்றுதான் எங்கள் கிணற்றுக்கு வருகிறது. கிணறு நாற ஆரம்பித்துவிட்டது. இன்னும் மோசமானால் எல்லோரும் காலி செய்ய வேண்டியதுதான் என்று வீட்டுச் சொந்தக்காரரே சொல்லிவிட்டார்.

அதனால் மாடிப்படிக்கு அடியில் இரண்டு கூடை வைத்து, ஒன்றில் ‘மக்கும்’, இன்னொன்றில் ‘மக்காது’ என்று சாக்பீஸால் எழுதினேன். தோல், தழை எல்லாம் முதலாவதில், பிளாஸ்டிக் இரண்டாவதில். முதலாவது நிரம்பினால் பின்பக்கக் குழியில் கொட்டி உரமாக்கிக்கொள்ளலாம். ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் சதி ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், முதல் கூடையில் கடைசி ‘ம்’மைக் காணோம்! வெறும் ‘மக்கு’. அதுவும் என் வாசலுக்கு நேராக! பாடமே ஏறாத பிள்ளையைக்கூட நான் அப்படிக் கூப்பிட்டதில்லை, மாப்பிள்ளை. மறுபடி எழுதினேன், மறுபடி அழிந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரர்மேல்தான் முதல் சந்தேகம், சாக்பீஸ் போடுவதும் தட்டுவதும் அவர் தொழிலாயிற்றே. கேட்டால், "அதுல எழுத்துப் பிழை ஒண்ணும் இல்லையே சார்?" என்கிறார். இது ஒரு பதிலா? மாடி நர்ஸம்மா என் முகத்துக்கு நேராகவே, "மக்கு சாப்பிட்டாச்சா சார்?" என்று கேட்கிறார், கூடையைக் கேட்டாரா என்னைக் கேட்டாரா என்று இன்றுவரை விளங்கவில்லை. இப்போது ஆளாளுக்கு வாழைத்தோலும் கீரைத்தண்டுமாகக் கொண்டுவந்து, "இந்தா மக்கு, தின்னு" என்று கொட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறார்கள். கூடை வழிகிறது, குழிக்கும் வாசலுக்கும் நடந்தே என் முதுகு போச்சு. குளத்தில் புதுசாக ஒரு பைகூட மிதக்கக் காணோம்; அதுவும் ஏதோ திட்டம்தான், எனக்கா தெரியாது? கிணறு போனாலும் போகட்டும், மானம் போகக் கூடாது. கூடைகளை எடுத்துவிட்டு நாங்கள் உங்கள் வீட்டுக்கே வந்துவிடுவதாக முடிவு. என் மகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

நீங்கள் இருவரும் நல்ல தண்ணீர் குடித்து, நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும்.

அன்புடன்,
மாமா

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை வாங்கிப் படித்துவிட்டாள். "அழிச்சது நான்தான். மக்கும்னு பாடம் மாதிரி எழுதி வச்சப்ப யார் வந்தா? மக்குன்னதும் கட்டடமே வந்து ஊட்டி விடுது. கூடையை எடுத்துப் பாருங்க, அப்புறம் அந்த வார்த்தையை உங்க நெத்தியிலதான் எழுதுவேன்" என்கிறாள். ஆகவே நாங்கள் வரவில்லை. மேலே எழுதியதை மறந்துவிட்டு ஒன்று மட்டும் செய்யுங்கள்: நாளை காலையிலிருந்து காய்கறித் தோலுக்கென்று தனியாக ஒரு வாளி வைத்துப் பாருங்கள், அதன்மேல் என்ன எழுதுவது என்பதை என் மகளிடம் விட்டுவிடுங்கள்.