திருப்பாலைக்குடியில் நான் கொடுத்த முதல் பரிசு

என் வாழ்நாளில் ஒரே ஒரு போட்டிக்குத்தான் நடுவராக இருந்திருக்கிறேன். அதில் கலந்துகொண்ட இருபத்திரண்டு பேரில் ஒருவர்கூட ஜெயிக்க விரும்பவில்லை. ஜெயித்தவர் பரிசைப் பார்த்ததும் அழுதார். அவருக்கு வயது ஒன்பது மாதம் என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவருடைய அம்மாவும் சேர்ந்து அழுததுதான் சிக்கலாகிவிட்டது.

ஐம்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபது வயது, கொழும்பில் சுகாதாரப் பயிற்சி மாணவி. கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஏதாவது ஒரு மருத்துவ நிலையத்தில் வேலை பழக வேண்டும். சொந்தமாக ஒரு சுகாதாரத் திட்டம் நடத்தி, அங்குள்ள டாக்டரின் கையெழுத்தோடு அறிக்கை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த வருடத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும். (என் அப்பா இன்னொரு முறை படிக்க வைக்கிற ரகமில்லை. கையில் ஒரு மாப்பிள்ளையின் ஜாதகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு, நான் எப்போது சறுக்குவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.)

வகுப்பில் இரண்டு பேர் லண்டனுக்குப் போனார்கள். உடனே நானும் வெளிநாடுதான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். என் வசதிக்கு எட்டிய வெளிநாடு, தலைமன்னாரில் கப்பல் ஏறி ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடுகிற தனுஷ்கோடிதான். அங்கிருந்து ரயிலில் இராமநாதபுரம், அப்புறம் பஸ்ஸில் திருப்பாலைக்குடி. அப்பாவின் சிநேகிதர் காசிம் மாமா கொழும்பில் துணிக்கடை வைத்திருந்தார். அவர் குடும்பம் அந்த ஊரில் இருந்தது. ஊரில் சின்னதாக ஒரு தாய்சேய் நல விடுதியும் இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள், புதன்கிழமை, இராமநாதபுரத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வந்துபோனார்.

காசிம் மாமாவின் மனைவி ஜெய்னம்பு மாமி என்னை வாசலிலேயே ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒங்க அம்மா ஒனக்குச் சோறே போட மாட்டாளா?" என்றார். அன்று முதல், ஆணம் என்று அவர்கள் சொல்லும் மீன் குழம்பும் முட்டையுமாகப் போட்டுத் தள்ளினார். மாமியின் மகள் நூர்ஜஹான் அக்கா. அக்காவின் மகன் அமீர்தான் மேலே சொன்ன ஒன்பது மாதத்துக்காரர். தொடையில் மூன்று மடிப்பு, கையில் இரண்டு மடிப்பு, கன்னம் இரண்டும் இட்லி. இப்பேர்ப்பட்ட பிள்ளையை அந்த வீட்டில் ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"ஏலே கருவாடு, பால் குடிச்சியா?" என்பார் மாமி. நூர் அக்கா அவனை எலிக்குஞ்சு என்பார். வருகிற போகிறவர்களிடமெல்லாம், "எங்கன தேறப்போறான், சவலப்புள்ள" என்று சொல்லிவிட்டு அந்தக் கன்னத்தில் முத்தம் கொடுப்பார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "மாமி, குழந்தையை இப்படியெல்லாம் சொன்னால் அதோட மனசு பாதிக்கும். புத்தகத்துல போட்டிருக்கு" என்றேன்.

மாமி வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல், "அந்தப் புஸ்தகம் எழுதுனவருக்குப் புள்ள குட்டி இருக்கா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. (இன்றுவரை தெரியாது.)

கண்ணூறு, அதாவது கண்திருஷ்டி, என்ற ஒன்றைப் பற்றி நான் அறியாதவள் இல்லை. எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை தவறாமல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவார்கள். ஆனால் நான் கிருமிகளைப் பற்றிய பரீட்சையில் எழுபத்தொரு மார்க் வாங்கியவள். அந்த எழுபத்தொன்றைத் தலையில் கிரீடமாக வைத்துக்கொண்டு திரிந்த காலம் அது. எனவே என் சுகாதாரத் திட்டம் இன்னதென்று முடிவு செய்தேன்: ஆரோக்கியக் குழந்தைப் போட்டி.

டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இந்த ஊர்லயா?"

"ஆமாம் டாக்டர்."

"நல்லா யோசிச்சிட்டியா?"

"பரிசுகூட வாங்கிவிட்டேன் டாக்டர்." இராமநாதபுரம் பாத்திரக்கடையில் எவர்சில்வர் டம்ளர் ஒன்று வாங்கி, 'முதல் பரிசு' என்று பேர் வெட்டி வைத்திருந்தேன்.

"சரி, திங்கக்கிழமை நடத்திக்க. நான் புதன்கிழமை வந்து அறிக்கையைப் பார்க்கறேன்" என்று கிளம்பிவிட்டார். அவர் தப்பித்துப் போகிறார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வீடு வீடாகப் போய் அழைத்தேன். எல்லோரும் "வாரோம்மா" என்றார்கள். ஜெய்னம்பு மாமி வீட்டு விருந்தாளியிடம் மாட்டேன் என்று முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வார்கள்? விடுதியின் எடை இயந்திரம் பழுதாகிக் கிடந்ததால், கரையிலிருந்து மீன் நிறுக்கிற பெரிய தராசை இரவல் வாங்கி, மருந்து போட்டு மூன்று முறை கழுவி, தாழ்வாரத்து உத்தரத்தில் தொங்கவிட்டேன். அப்படியும் மூன்று பூனைகள் நிகழ்ச்சி முடியும்வரை அதற்குக் கீழே நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தன.

திங்கட்கிழமை காலை இருபத்திரண்டு பிள்ளைகள் வந்தன. பிள்ளைகளா அவை? நெற்றியில் ஒரு மை, கன்னத்தில் ஒரு மை, உள்ளங்காலில் ஒரு மை. ஒரு பிள்ளைக்குக் காலையில்தான் அவசரமாக மொட்டை அடித்திருந்தார்கள். நல்ல சட்டை போட்டு வந்தது ஒன்றுகூட இல்லை.

முதலில் வந்தது முத்துராக்கு. புருஷன் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். அவள் இடுப்பிலிருந்த பையனைத் தூக்கித் தராசில் வைக்கவே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

"இதெல்லாம் ஒரு புள்ளையாம்மா? காத்தடிச்சாப் பறந்துரும்" என்றாள்.

"இருபத்தோரு பவுண்டு இருக்கானே" என்றேன்.

"இடுப்புல வெள்ளி அரணாக்கொடி கெடக்குல்ல, அதான் அம்புட்டுக் கனம்."

அடுத்தவள் தன் பிள்ளை ராவெல்லாம் இருமுகிறது என்றாள். பிள்ளை இருமவில்லை. அவள் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்து, அதற்குப் பதிலாகத் தானே இருமிக் காட்டினாள். இன்னொருத்தி, "அவுக புள்ளையாச்சும் பரவால்ல, எம்புள்ள போட்ட எடத்துலயே கெடக்குது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளை அப்போது தராசுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தது. நான் எல்லாவற்றையும், ஒரு எழுத்து விடாமல், நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுபத்தொரு மார்க் அல்லவா?

எடை, உயரம், கண், தோல் எல்லாம் பார்த்துக் கூட்டியதில் அமீர் முதல். நான் தங்கியிருக்கும் வீட்டுப் பிள்ளைக்கே பரிசா என்று சண்டைக்கு வருவார்களோ எனப் பயந்து மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். அந்தப் பயம் வீண். தோற்ற இருபத்தொரு அம்மாக்கள் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. ஸ்டூல் மேல் ஏறி நின்று, டம்ளரைத் தூக்கிப் பிடித்து, தெருக்கோடிவரை கேட்கிற குரலில் சொன்னேன்: "இந்த ஊரிலேயே மிக அழகான, மிகக் கொழுகொழுப்பான, நோய் என்றால் என்னவென்றே தெரியாத குழந்தை, அமீர்."

ஒருவரும் கை தட்டவில்லை. பின்னாலிருந்து நாலைந்து பேர் கண் பட்டுவிடாமலிருக்க அவசர அவசரமாக "மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்" என்றார்கள். முத்துராக்கு என் திசையில் மூன்று முறை துப்பினாள். (இரண்டு குறி தவறியது.) டம்ளரைப் பார்த்து வீறிட்ட பிள்ளையை நூர் அக்கா துப்பட்டிக்குள் பொத்திக்கொண்டு அழுதபடியே வீட்டைப் பார்த்து நடந்தார். டம்ளர் என் கையிலேயே இருந்தது.

அன்று சாயங்காலமே அமீருக்குக் காய்ச்சல் கண்டது.

வெப்பமானியில் நூற்றிரண்டு. உதறிவிட்டு மறுபடி வைத்தேன், அப்போதும் நூற்றிரண்டு. தற்செயல், வெறும் தற்செயல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஈரத்துணி போட்டேன், கொதித்து ஆறிய தண்ணீர் கொடுத்தேன். அந்த வீட்டில் ஒருவர்கூட என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமி வழக்கம்போல எனக்குச் சோறு போட்டு, பெரிய துண்டாகப் பார்த்து மீனும் வைத்தார். திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன். அறிக்கையும் வேண்டாம், படிப்பும் வேண்டாம், அந்த ஜாதகக்காரரையே கட்டிக்கொள்கிறேன், இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் ஆகக் கூடாது என்று தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

காலையில் முகம் கழுவக் கொல்லைக்கு நடந்தேன். பின்னால் யாரோ வருவது போலிருக்கத் திரும்பினேன். ஜெய்னம்பு மாமி குனிந்து என் காலடித் தடத்திலிருந்து மணலை எடுத்து ஒரு கொட்டாங்குச்சியில் போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைக்குச் சுற்றிப்போட. யார் கண் பட்டதோ அவர்கள் காலடி மண் வேண்டுமே.

மாமி சட்டென்று நிமிர்ந்தார். "குப்பையாக் கெடந்துச்சு, அதான்…" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம் சிவந்துபோயிற்று.

எனக்கு என்ன தோன்றியதோ, ஒரு காலைத் தூக்கி, உள்ளங்காலில் ஒட்டியிருந்த மணலைக் கையால் தட்டிக் கொட்டாங்குச்சியில் விட்டேன். "இதையும் சேத்துக்குங்க மாமி. தடத்துல இருக்கிறதைவிட இதுல சக்தி ஜாஸ்தியா இருக்கும்." அடுத்த காலையும் தூக்கினேன்.

மாமியின் கண் கலங்கிவிட்டது. "ஒன்னையத் தப்பாச் சொல்லலடி. ஒங் கண்ணு நல்ல கண்ணுதான். அந்த வாயத்தான் கொஞ்சம்…" என்று நிறுத்திக்கொண்டார்.

மத்தியானம் காய்ச்சல் இறங்கியது. மறுநாள் வந்த டாக்டரம்மா அமீரின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பல்லு வந்திருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "மண்ணச் சுத்திப் போட்டதும் பல்லு எப்புடி வெளிய வந்துச்சு பாத்தியா?" என்றார் மாமி. அதை மறுக்க என் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.

டாக்டரம்மா என் நோட்டைப் புரட்டினார். "இருபத்திரண்டு பிள்ளையில இருபத்தொண்ணுக்கு இருமல், பேதி, பசியில்லை, நடை வரலை. இது ஊரா, வார்டா?"

"அம்மாக்கள் சொன்னதை எழுதினேன் டாக்டர்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "எனக்கு மூணு பிள்ளை. யார் கேட்டாலும் மூணும் நோஞ்சான்னுதான் சொல்லுவேன்."

பரிசு கிடையாது, பாராட்டு கிடையாது, வெறும் எடை பார்க்கிற நாள் என்று மாற்றி மீதி நாளும் ஒழுங்காக நடத்தினால் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். நடத்தினேன். எடையைச் சொல்லாமல் எழுதிக் காட்டி, முகத்தையும் சுளித்து வைத்தேன். ஒரு அம்மா பாக்கியில்லாமல் வந்தார்கள். "இப்பத்தான் டாக்டரு மாதிரி இருக்க" என்றாள் முத்துராக்கு. அறிக்கையின் அடியில் டாக்டரம்மா, 'மாணவி நிறையக் கற்றுக்கொண்டார். ஊர்த் தாய்மார்கள் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்கள்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஜாதகக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

அமீர் வளர்ந்து, கப்பலில் என்ஜினியராகி, ஆறடி உயரத்தில் மாப்பிள்ளையாக நின்றபோது நானும் போயிருந்தேன். நிக்காஹ் முடிந்து பெண்கள் பக்கம் சலாம் சொல்ல வந்தான். மொத்த வீடும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

"என்ன மாமி, இந்தப் பய இப்படி வத்தலாக் கெடக்கான்? பாவம், அந்தப் பொண்ணுக்கு வேற மாப்பிள்ளையே கிடைக்கலையா?" என்றேன்.

வீடு சிரிப்பில் அதிர்ந்தது. பெண்ணின் உம்மாவுக்கு மட்டும் முகம் வெளிறிவிட்டது. மாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பயப்படாதீக சம்பந்தி. இவ எங்க வீட்டுப் பொண்ணு. இவ வாயில நல்ல வார்த்தை வந்தாத்தான் நாம பயப்படணும்."

மாமி இப்போது இல்லை. போன மாதம் அமீரின் மகள் போன் செய்தாள். அவளுக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள் ஆகிறதாம், பெண் குழந்தையாம். "எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நாங்க சொல்லக் கூடாதாம், வாப்பா சொல்றாக. நீங்க வந்து நாலு திட்டுத் திட்டிட்டுப் போனாத்தான் வெளிய தூக்கிட்டுப் போவாகளாம்."

டிக்கெட் எடுத்துவிட்டேன்.