பத்தரை மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்த குளவி

பிள்ளைகளே, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்தோம். ஆனால் கண் வீங்கித் துடிக்கிற ஒருவனை வைத்துக்கொண்டு ஊருக்கே பாடம் நடத்திய மனிதர் ஒரே ஒருவர்தான். துடித்தவன் நான். இத்தனை வருஷமாகியும் எனக்கு ஆறவில்லை.

அவரைக் குளவி என்றால்தான் யாருக்கும் தெரியும். காலேஜில் விலங்கியல் படித்துவிட்டு, எங்கள் போல்ட் பட்டறையில் ஸ்டோர் பார்த்தார். ஒரு வாஷர் கேட்டுப் போனால், குளவி விஷத்தைப் பற்றி அரை மணி நேரம் கேட்டுவிட்டுத்தான் வாங்க முடியும். சைக்கிள் ஷெட்டில் தொங்கிய குளவிக்கூட்டைக் கலைக்கவும் விடமாட்டார். அது பாட்டுக்கு இருக்கிறது, உனக்கென்ன என்பார்.

அது பாட்டுக்கு இருக்கவில்லை. ஒரு காலை, சைக்கிளை நிறுத்தப் போன என் இடது இமையில் ஒரு குளவி கொட்டிவிட்டது. பத்து மணிக்கெல்லாம் கண் மூடி, முகம் பன்னு மாதிரி உப்பிவிட்டது.

ஃபோர்மேன் இரும்பை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். வீக்கம் இறங்கவில்லை என்றதும் புது பிளேடைப் பிரித்தார். "வெஷம் உள்ள கட்டிகினு கீது. லேசா கீறி உட்டா வந்துடும்." இரண்டு பேர் என் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். வலியில் எனக்கும் கீறினால் தேவலை என்றுதான் இருந்தது.

குளவி ஓடி வந்து பிளேடைப் பிடுங்கினார். "அண்ணாத்தே, கொளவி உட்டது ஊசி மொன அளவுதான். மீதி இவன் ஒடம்பே உட்ட தண்ணி."

"கொட்டுனது கொளவி, தண்ணி உட்டது இவனா? இன்னா கதை உடுறே?"

எல்லோரும் சிரித்தார்கள். வலி எனக்கா உனக்கா என்று நானும் கத்தினேன். குளவி பிளேடோடு வெளியே போனார். ஃபோர்மேன் அடுத்த பிளேடைத் தேடினார்.

அப்போது சாப்பாட்டு மணி அடித்தது. மெஷின்கள் நின்றன. என் தலையைப் பிடித்திருந்தவர்கள் அப்படியே விட்டுவிட்டு டிபன் பாக்ஸை எடுக்க ஓடினார்கள். ஃபோர்மேன் கை கழுவிக்கொண்டு முதல் ஆளாக வெளியே வந்தார்; நானும் ஒற்றைக் கண்ணோடு பின்னாலேயே வந்தேன். மணி பத்தரை.

குளவி சுத்தியலோடு மணிக்குப் பக்கத்தில் நின்றார். "மேனேஜர் சொன்னாரா? வாட்ச்மேன் சொன்னானா? யாரும் சொல்லல. நான் அடிச்சேன், மொத்த பேரும் வெளிய வந்துட்டீங்க. கொளவி வெஷமும் இத்தான் பண்ணுது. தோலுக்கடியில ஒரு மாதிரி செல்லு கீது, அதுக்குள்ள பை பையா ரசம் கீது. வெளிய இருந்து சேதி வந்தா, செல்லு வாசல்ல கீற வாட்ச்மேன் வாங்கி உள்ள மணி அடிப்பான், பை தொறக்கும். இது வாட்ச்மேனைக் கேக்காம நேரா உள்ள பூந்து மணிய அடிக்குது. பையில கீற ரசமெல்லாம் கொட்டிடுது, அது பட்டு ரத்தக்கொழாய்ல இருந்து தண்ணி ஒழுவுது. அதான் வீக்கம். கீறி எதை எடுக்கப் போறே, இவன் கண்ணையா?"

ஃபோர்மேன் டிபன் பாக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஈரத்துணி கொண்டுவரச் சொல்லி, என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிளேடு பட்டிருந்தால் பார்வையே போயிருக்கும் என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் கண் திறந்தது. வேலைக்குப் போனால், ஸ்டோரில் வேறு ஆள். உற்பத்தியைக் கெடுத்தார் என்று மேனேஜர் அன்றைக்கே குளவியை நிறுத்திவிட்டாராம். கண்ணைக் கீறப் போனவருக்கு ஒன்றுமில்லை; காப்பாற்றியவருக்கு வேலை இல்லை. இது என்ன நியாயம், பிள்ளைகளே?

சாயங்காலம் பஸ் பிடித்துப் பூந்தமல்லியில் அவர் வீட்டுக்குப் போனேன். நியாயம் கேட்கலாம் வா என்று கூப்பிட வாயைத் திறந்தேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. என்னை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து, கட்டை விரலால் இமையைத் தூக்கி, அப்படியும் இப்படியும் திருப்பி வெகு நேரம் பார்த்தார். நானும் அவரை இரண்டு கண்ணாலும் ஆசை தீரப் பார்த்தேன்.