நாற்பதடி ஓடை

ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதன் ஒரு முடிவெடுத்தால் அதில் நிற்க வேண்டும். நான் எடுத்தேன். இனிமேல் பாலத்தைச் சுற்றிப் போவதில்லை!

எங்கள் வேட்டைக் குடிசை பீவர் ஓடைக்கு அந்தப் பக்கம், அரசாங்கக் காட்டை ஒட்டி இருக்கிறது. ஓடையின் அகலம் நாற்பதடி. பாலத்தைச் சுற்றினால் பதினோரு மைல். என்னிடமோ சேறு, பாறை எதற்கும் அஞ்சாத நாலு சக்கரக் காட்டு வண்டி. அதை வைத்துக்கொண்டு பதினோரு மைல் சுற்றுவது வடமிச்சிகன் ஆண்களுக்கே அவமானம்.

இதை என் மனைவி ஹில்யாவிடம் சொன்னதுதான் தப்பு. அவள் காட்டு வண்டி விதிப் புத்தகத்தை, மற்றவர்கள் வாரப் பத்திரிகை படிப்பதுபோலப் படிப்பவள்.

"பாலம் இருந்தா பாலத்து மேலதான் போகணும். சக்கரம் தண்ணியில இறங்கக் கூடாது. எட்டாம் பக்கம்."

"நாப்பதே அடி, ஹில்யா! ஒரு தும்மல் போடுற நேரம்."

"அந்த நாப்பது அடியிலதான் ட்ரவுட் மீன் முட்டை போடுது."

"நான் முட்டை பக்கமே போகமாட்டேன்."

"பள்ளிக்கூடத்துலயே உன்னால முட்டையை விட்டு விலக முடியல. இப்ப எப்படி விலகுவ?"

காபியைக் குடித்து முடித்தேன். அந்தச் சனிக்கிழமை அவள் தேவாலயத்துக்கு ரொட்டி சுடப் போனாள். நான் ஓடைக்குப் போனேன்.

கரையிலிருந்து பார்த்தால் முழங்காலளவுத் தண்ணீர். பாதி தூரம் ராஜா மாதிரிப் போனேன். மீதிப் பாதியில் முன் சக்கரம் ஒரு குழிக்குள் உட்கார்ந்தது. பூட்ஸுக்குள் ஓடை புகுந்தது. வண்டி மாட்டிக்கொண்டது. நான் மாட்டிக்கொள்வதற்குள் தப்பிக்க வேண்டுமே! வண்டி முன்னால் இருந்த இழுவைக் கம்பியை எதிர்க்கரையில் ஒரு தேவதாரு மரத்தில் கட்டி, மோட்டாரைப் போட்டு இழுத்தேன். வண்டி வந்தது. கூடவே கரையும் வந்தது. ஒரு கட்டில் அளவு மண் சரிந்து விழ, கண்ணாடி போலிருந்த தண்ணீர் பால் காபியாகிவிட்டது. அதற்குள்ளிருந்து ஒரு மீன் துள்ளி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. மனசு என்னவோ செய்தது.

திரும்பும்போது பாலம் வழியாகத்தான் வந்தேன். பதினோரு மைல்.

வண்டியைக் கழுவினேன். பூட்ஸைச் சவுனா நீராவிக் குளியலறையின் அடுப்புக்குப் பின்னால் காயவைத்தேன். ஹில்யா வந்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"சவுனாவுல ஏன் ஓடை வாசனை வருது?"

"என் வேர்வை."

"உன் வேர்வையில பாசி இருக்கு, ஆர்வோ."

அதோடு விட்டுவிட்டாள். ஹில்யா ஒரு விஷயத்தை விட்டுவிட்டால்தான் எனக்குப் பயம்.

மறுநாள் காபி ஊற்றிக்கொண்டே சொன்னாள். "பீவர் ஓடைக் கரையை எவனோ பேத்துட்டானாம். கடையில பேசிக்கிட்டாங்க."

கோப்பையைக் கீழே வைத்தேன். "யா... யாராம்?"

"தெரியலயாம். டயர் தடத்துல சாந்து ஊத்தி அச்சு எடுத்திருக்காங்களாம்."

திங்கட்கிழமை, வன அதிகாரியின் லாரி மாதிரியே ஒரு பச்சை லாரி எங்கள் தெருவில் மெதுவாகப் போனது. நான் உருளைக்கிழங்குப் பாத்தியில் குப்புறப் படுத்தேன். அது பால்காரனுடையது. செவ்வாய்க்கிழமை தொலைபேசி மணியடித்தது. நிலவறைக்கு ஓடினேன். ஹில்யாவின் தங்கை. சாப்பாடு இறங்கவில்லை. ஹில்யா சுட்ட பேஸ்டியை, உள்ளே கறியும் கிழங்குமாக ஆவி பறக்க வைத்த பேஸ்டியை, பாதியிலேயே வைத்துவிட்டேன். முப்பது வருஷத்தில் அது நடந்ததே இல்லை.

புதன்கிழமை அடுத்த இடி. "முன் டயர் மேல இருக்குற ரப்பர் கட்டை ஒண்ணு தேஞ்சிருக்காம். அதை வச்சே ஆளைப் பிடிச்சிடுவாங்களாம்."

கொட்டகைக்கு ஓடிக் குனிந்து பார்த்தேன். தேய்ந்திருந்தது! பன்னிரண்டு வருஷ டயரில் எந்தக் கட்டைதான் தேயாது என்று யோசிக்க அப்போது எனக்குப் புத்தி இல்லை.

வியாழக்கிழமை என்னால் முடியவில்லை.

"ஹில்யா, பிடிச்சா என்ன பண்ணுவாங்க?"

"அபராதம். கரையை அவனே கட்டிக் குடுக்கணும். வண்டியையும் தூக்கிட்டுப் போயிடுவாங்களாம்."

"வண்டியையா!"

"அவன் பேர்ல இருந்தாத்தான். பொண்டாட்டி பேர்ல இருந்தா எப்படித் தொடுவாங்க?"

நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன். "சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்..."

"சும்மா ஒரு பேச்சுக்கு வண்டிப் பத்திரத்தையும் பேனாவையும் கொண்டுவந்திருக்கேன். பின்பக்கம், கீழ."

கையெழுத்து போட்டேன். அன்று மத்தியானம், ஐந்து நாளில் முதல் தடவையாகக் கண்ணயர்ந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. பச்சை லாரி. இந்தத் தடவை பால்காரன் இல்லை. வன அதிகாரி டெல்பர்ட் சால்மி, கையில் ஒரு கோப்போடு இறங்கி வந்தார். கதவைத் திறந்ததுமே கத்தினேன்.

"வண்டி என்னுது இல்ல, டெல்பர்ட்!"

"காலை வணக்கம், ஆர்வோ."

"தாண்டினது ஒரே தடவைதான்! திரும்பி வந்தது பாலம் வழியாத்தான்! கரை தானா விழுந்தது! அந்த மீன்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க!"

டெல்பர்ட் ஒன்றும் புரியாமல் விழித்தார். "நான் ஹில்யாவைப் பாக்க வந்தேன். ஓடைக் காவல் தொண்டராச் சேர மனு போட்டிருக்காங்க. சொந்தப் பேர்ல வண்டி இருக்கணும். பத்திரத்தைப் பாத்துட்டுப் போகலாம்னுதான்."

ஹில்யா மாவுக்கையோடு வந்து பத்திரத்தை நீட்டினாள். "இதோ. நேத்துத் தேதி. மூணு வருஷமா இவன்கிட்ட வண்டியைக் கேட்டுப் பாத்தேன், தொடவே விடல."

"அப்போ அந்தச் சாந்து அச்சு?" என்றேன் ஈனக்குரலில்.

"என்ன சாந்து?" என்றார் டெல்பர்ட். பிறகு பெருமூச்சு விட்டுச் சட்டைப்பையிலிருந்து அபராதச் சீட்டை எடுத்தார். "நீயே வாசல்ல நின்னு கத்திட்ட. காதுல விழலன்னு நான் எப்படிச் சொல்றது? அந்தக் கரை எந்த இடம்?"

அடுத்த சனிக்கிழமை, இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில், பீவர் ஓடைக் கரைக்குக் கல் சுமந்துகொண்டிருந்தேன். கரைமேல், காவல் தொண்டரின் பச்சை மேல்சட்டையோடு, என் வண்டியில், மன்னிக்கவும், அவள் வண்டியில், ஹில்யா வந்து நின்றாள். பாலத்தைச் சுற்றித்தான் வந்திருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு," என்று கத்தினேன். "நான் ஓடையைத் தாண்டினது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாது, ஆர்வோ. கடைப் பேச்செல்லாம் பாசி வாசனைய வச்சு நானே கட்டின கதை. நீ கையெழுத்து போட்டப்பதான் தெரிஞ்சுக்கிட்டேன்."