வார்டில் பெரட்டு எடுத்தவர்

சனிக்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு என் மகனுக்குத் துண்டு வெட்டினார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுப்பதற்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர். எங்கள் கெட்ட நேரம் தொடங்கியதும் அந்தப் பத்து பத்துக்குத்தான். எங்களைத் தடுத்திருக்கக்கூடிய ஒரே மனிதரை அப்போது எக்ஸ்ரே எடுக்கத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள்.

அவர் பெரட்டுக் கங்காணி. பதுளை ஜில்லாவில் டாக்டர்கள் மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்தவர்களைவிட, இவர் வீட்டுக்குப் போகவிடாமல் பிழைக்க வைத்தவர்கள் அதிகம் என்று எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவேன். சொந்தப் பெயர் தெரியாது. ஏழெட்டு வருஷத்துக்கு முன்பு என் மகன் படுத்திருந்த சின்ன ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் பதினேழாம் கட்டில் அவருடையது. தேயிலை மலையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து வந்தவர். எலும்பு பொருந்தி மாதக்கணக்காகியும் அவருக்கு மட்டும் துண்டு வெட்டவில்லை. கூட்டிப்போக ஆளில்லை என்பதால், வார்டு நர்ஸ் மிஸ்ஸி அவருடைய காகிதத்தை எப்போதும் டாக்டர் பார்க்கும் காகிதக் கட்டின் அடியில் செருகி வைப்பார்.

தோட்டத்தில் கங்காணி காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதுதான் பெரட்டு; பேரை வெட்டினால் அன்றைய கூலி போச்சு. முப்பது வருஷம் பெரட்டு எடுத்த வாய் ஆஸ்பத்திரியில் மட்டும் சும்மா இருக்குமா? ஆறு மணிக்கு ஊன்றுகோலால் தரையைத் தட்டுவார்.

"மூணாங் கட்டிலு!"

"இருக்கேன் கங்காணி!"

"ஒம்பதாங் கட்டிலு! ஏண்டா, மூச்சு இருக்கா, இல்ல பேர வெட்டிறவா?"

"இருக்கேனுங்க... இருமலுங்க..."

"இருமிக்கிட்டே சொன்னா அரை நாள் பேருதான்!"

துண்டு வெட்டப்பட்டவர்கள் பதினேழாம் கட்டிலைத் தாண்டித்தான் வாசலுக்குப் போகவேண்டும். ஊன்றுகோல் குறுக்கே நீளும்.

"பஸ்ஸ விட்டு எறங்கி எத்தினி மைலு? யாரு தூக்குவா? கஞ்சி காய்ச்ச வீட்டுல ஆளு இருக்கா, இல்ல எல்லாரும் மலைக்குப் போயிருவாங்களா?"

பதில் பிடிக்காவிட்டால் அந்த ஆளின் சட்டையைப் பிடுங்கி மெத்தைக்கு அடியில் போட்டு, மேலே படுத்துக்கொள்வார். ஒருமுறை டாக்டரே வந்து சட்டையைக் கேட்டார்.

"இவன் அண்ணன் வரட்டுங்க ஐயா. மேட்டு லயத்துக்கு இவன யாரு ஏத்துவா? நீங்க வாறீங்களா?"

டாக்டர் யோசித்தார். பிறகு போய் அண்ணனுக்குத் தந்தி அடித்தார்.

மணிக்கூடு இல்லாத லயத்து வரிசை வீடுகளுக்கு மாத்திரை நேரத்தையும், தோட்டத் தொழிற்சாலைச் சங்கை வைத்து, அவர்தான் சொல்லி அனுப்புவார். "பெரட்டுச் சங்குக்கு ஒண்ணு, பகல் கொழுந்து நிறுக்கிற சங்குக்கு ஒண்ணு, அந்தி நிறுவைக்கு ஒண்ணு." கடைசிக் கேள்வி எல்லாருக்கும் ஒன்றேதான்: "ஞாயித்துக்கெழம?" ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் சங்கு ஊதாது. சங்கு ஊதவில்லை என்று மாத்திரை விழுங்காத ஒருவனைத் திங்கட்கிழமை கம்பளியில் கட்டித் தூக்கி வந்தார்களாம்.

அந்தக் கதையைக் கேட்டு வார்டே அதிரச் சிரித்தவன் நான்தான். நான் தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியன். அதுவும் பயிற்றப்பட்ட ஆசிரியன்.

மகனுக்குப் பதினான்கு வயது. நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபாய்டு. மூன்று வாரம் படுத்துக் கிடந்து கையும் காலும் தீக்குச்சியாகியிருந்தன. மாத்திரை தவறினால் காய்ச்சல் திரும்பும், திரும்பினால் குடல் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு ஆசிரியனைக் கங்காணி ஊன்றுகோலால் மறித்துக் கேள்வி கேட்பதா என்று, அவர் வருவதற்குள் மனைவியையும் மகனையும் அவசரப்படுத்தி வெளியே கூட்டி வந்தேன். வராந்தாவில் தள்ளுகட்டில் எதிரே வந்துவிட்டது.

"மாஸ்டர், நில்லுங்க! பெரட்டுச் சங்குக்கு ஒண்ணு..."

"தெரியும் கங்காணி! பஸ் போயிரும்!"

"அந்தி நிறுவைக்கு ஒண்ணு! அப்பறம், மாஸ்டர்..."

தள்ளுகட்டில் உள்ளே திரும்பிவிட்டது.

பூனாகலைப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அன்று அந்திச் சங்கோடு ஒரு மாத்திரை கொடுத்தோம். மறுநாள் காலை பிள்ளை அசந்து தூங்கினான். என் கையில் மணிக்கூடு இருந்தது. ஆனால் பதினைந்து வருஷமாகச் சங்குக்கு எழுந்து, சங்குக்குப் பள்ளிக்கூட மணி அடித்துப் பழகிய உடம்பு. சங்கு ஊதட்டும், எழுப்பலாம் என்று பரீட்சைக் கொப்பி திருத்த உட்கார்ந்தேன்.

துணி துவைக்கத் தண்ணீர்ப் பீலிக்குப் போகும்போது மனைவி கேட்டாள்: "மாத்திர?"

"நேரம் ஆகட்டும், நான் பார்த்துக்கிறேன். நீ போ."

நாற்பது கொப்பி. மூன்று மணிக்கு அவன் நெற்றியைத் தொட்டேன். கை சுட்டது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. மனைவி ஈரத்துணியோடு ஓடி வந்தாள். அந்த நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் இல்லை; கொழுந்து லொறியும் ஞாயிற்றுக்கிழமை ஓடாது. மாத்திரைப் பொட்டலத்தை அவிழ்க்க என் விரல்களுக்கு வரவில்லை. மகன் இன்று என்னைவிட உயரம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் நான் தேத்தண்ணீர் குடிப்பதில்லை. திட்டுவான், திட்டட்டும்.

அப்போதுதான் ரோட்டில் ஒரு மரக்கறி லொறி வந்து நின்றது. முட்டைக்கோவா மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஊன்றுகோல் முதலில் வந்தது. பிறகு ஆஸ்பத்திரி உடுப்போடு கங்காணி, டிரைவரின் முதுகில். வாசலில் இறங்கி, மூச்சு வாங்கி, என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

"எந் தப்புங்க மாஸ்டர். ஞாயித்துக்கெழமய ஒங்ககிட்ட கேக்காம விட்டுட்டேன்" என்றார். "லொறிய நிப்பாட்டித்தான் வச்சிருக்கேன், புள்ளயத் தூக்குங்க. வார்டுல எடம் இருக்குமான்னு யோசிக்காதீங்க. காலப் பெரட்டுல எம் பேர நானே வெட்டிட்டுத்தான் வந்தேன். பதினேழாங் கட்டிலு காலி."