ஸ்டெப்னியில் குடியேறிய ஆவி

வண்டிகளுக்குப் பேய் ஓட்டும் கியர் ஞானியின் ஷெட்டுக்கு முன்னால் அன்று நின்ற வரிசையில் கடைசி வண்டி எது என்று பார்க்கப் போனவர் இன்னும் திரும்பி வரவில்லை. நான் பொய் சொல்லமாட்டேன். வயதாகிவிட்டது, பொய் சொன்னால் அதை ஞாபகம் வைத்துக்கொள்ள முடிவதில்லை.

கார், வேன், பால் வண்டி, ஒரு ரோடு ரோலர். ரோடு ரோலருக்கு என்ன பேய் என்று ஓட்டுநரைக் கேட்டேன். "வேகமே வரமாட்டேங்குது ஐயா" என்றார்.

ஞானியின் வைத்தியம் எளிமையானது. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொள்வார். ஸ்டெதாஸ்கோப்பை பானெட்டில் வைத்துக் கண்ணை மூடுவார். இன்ஜின் பின்னால் இருக்கும் வண்டிக்கும் முன்னால்தான் வைப்பார். ஆவிக்கு அந்த வித்தியாசம் தெரியாது போலிருக்கிறது. "ஆம்பள. கோவக்காரன். ரெண்டாவது கியர்ல உக்காந்திருக்கான்" என்பார். உடனே வண்டியைச் சுற்றி நாலு பக்கமும் கறுப்புத் துணி இறங்கும். இரண்டு சீடர்கள் பையோடு அடியில் நுழைவார்கள். ஞானி ஹாரனை ஏழு தடவை அடிப்பார். துணி விலகும்போது வண்டியின் முனகல் நின்றிருக்கும். கூட்டம் கைதட்டும்.

விரட்டிய ஆவி எங்கே போகும்? நல்ல கேள்வி. அது ஸ்டெப்னியில் இறங்கும். ஆகவே அந்த உபரிச் சக்கரத்தை ஷெட்டிலேயே விட்டுவிட்டுப் போகவேண்டும். அதைத் தவிர ஞானி ஒரு பைசாவைக்கூடக் கையால் தொடுவதில்லை. துறவி! இரண்டு தெரு தள்ளி அவருடைய மைத்துனர் டயர் கடை வைத்திருக்கிறார். அங்கே ஆவிகள் நல்ல ரப்பரில், அதிகம் தேயாமல் கிடைக்கும்.

இந்த வரிசையில் என் தங்கை புருஷனும் நின்றான். அவன் தச்சன். அவன் செய்த கதவைச் சாத்தினால் எறும்பு வெளியே நின்று காலிங் பெல் அடிக்கவேண்டும், அவ்வளவு நேர்த்தி. அப்படிப்பட்டவன், நாலு பேர் ஓட்டித் தள்ளிய ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பெயின்ட்டின் பளபளப்பை மட்டும் பார்த்து வாங்கிவந்தான். இரண்டே கதவு, இரண்டே இருக்கை. மாதத்தில் இரண்டே நாள் ஓடியது.

முதலில் கிளட்ச் போனது. மாற்றினார்கள். கியர்பாக்ஸ் போனது. பிரித்துப் போட்டார்கள். கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கம் போகும் ஷாஃப்ட் நடுரோட்டில் கழன்று, வண்டிக்கு முன்னால் தனியாக வீடு வந்து சேர்ந்தது. மறுபடி கிளட்ச். எங்கள் தெரு நெட்டை மெக்கானிக் அந்த வண்டிக்கு அடியில் படுத்திருந்த காலத்தில் அவர் குழந்தை பேச ஆரம்பித்தது. அது சொன்ன முதல் வார்த்தை 'கேஸ்கெட்'.

கடைசியாக, பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் பெட்டி ஊளையிட ஆரம்பித்தது.

"அண்ணே, இது அடிபட்ட வண்டி" என்றார் மெக்கானிக். "அடிச்சட்டம் கோணியிருக்கு. கோணல நிமித்தாம எத மாத்தினாலும் கியர் பல்லு தேய்ஞ்சுக்கிட்டேதான் இருக்கும்."

"நீ வேலை தெரியாதவன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றான் மச்சான். நேரே ஞானியிடம் போய் நாள் குறித்துக்கொண்டு வந்தான்.

ஞானி வண்டி நம்பரைக் கேட்டதுமே சொல்லிவிட்டாராம்: முந்தைய சொந்தக்காரர் வேக ஆசை தீராமல் செத்தவர், அவர்தான் பெட்டிக்குள் அழுகிறார் என்று.

"அந்த மனுஷனை நேத்துதான் பேங்க்ல பாத்தேன்" என்றேன் நான். "டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருந்தார்."

மச்சான் திரும்ப ஓடிப் போய்க் கேட்டான். ஞானி அசரவில்லை. "அப்ப அவருக்கு முந்தினவர்" என்றார்.

இதெல்லாம் வெறும் கூத்து என்றால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் வெள்ளிக்கிழமை என் தங்கைக்குக் கண் அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். முப்பத்தாறு வளைவு, ஏறும்போது காது அடைக்கும், இறங்கும்போது வயிறு வாய்க்கு வரும். வியாழக்கிழமை ஆவியை இறக்கிவிட்டு, மறுநாள் அதே வண்டியில் அவளை உட்கார வைத்து ஓட்டிப்போவது என்று மச்சான் முடிவு கட்டிவிட்டான்.

"பஸ்ஸுல போலாங்க" என்றாள் தங்கை.

"ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கவன் பொண்டாட்டி பஸ்ஸுல போனா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேருதான் போன வாரம் வண்டியத் தள்ளிவிட்டாங்க."

மெக்கானிக் என்னிடமும் அவளிடமும் தனியாகச் சொன்னார்: "அக்கா, அந்த ஆளுகிட்ட போயிட்டு வந்த ஏழு வண்டி பெட்டி இறுகி என்கிட்ட வந்திருக்கு. உள்ள எதையோ கொட்டறாங்க. வெளிய சொன்னா, நீதான் கொட்டினேங்கறாங்க."

தங்கைக்கு டிஃபரன்ஷியலும் தெரியாது, அறுவைக்குக் காத்திருக்கும் கண்ணில் பாதி தெருவும் தெரியாது. ஆனால் சமையலறை தெரியும். உள்ளே போய் டீ வடிகட்டியை எடுத்து வந்தாள்.

"ஏங்க, உங்க ஞானிகிட்ட வரேன். உங்க வண்டியிலயும் ஏறறேன். ஒண்ணே ஒண்ணு. போறதுக்கு முன்னாடி அந்தப் பெட்டி எண்ணெய நீங்களே இதுல வடிகட்டி ஊத்துங்க. வந்தப்புறம் இதுலயே ஒருதடவை வடிச்சுக் காட்டுங்க. அவ்வளவுதான்."

"இதுல என்ன இருக்கு?" என்றான் மச்சான். அதைத்தான் அவளும் கேட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் மெக்கானிக் பழைய எண்ணெயை இறக்கி, பெட்டியைக் கழுவினார். மச்சான் தன் கையாலேயே புது எண்ணெயை வடிகட்டி வழியாக ஊற்றினான். வடிகட்டியில் ஒன்றும் நிற்கவில்லை. பெட்டியின் இரண்டு மூடித் திருகுகள்மேலும் தங்கை நெயில் பாலிஷ் தடவச் சொன்னாள். மூடியும் பெட்டியும் சேரும் இடத்தில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. ஓட்டிப் பார்த்தார்கள். ஊளை அப்படியேதான் இருந்தது.

வியாழக்கிழமை. கறுப்புத் துணி இறங்கியது. ஹாரன் ஏழு தடவை அலறியது. துணி விலகியது. மச்சான் ஒரு சுற்று ஓட்டிவந்தான். வண்டி பூனை மாதிரி வந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு சீடர் ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு போனார். உள்ளே ஆவி இருக்கிறதே என்ற மரியாதைகூட இல்லாமல், காலால் உதைத்து உருட்டினார்.

"எல்லாம் ஆச்சா?" என்றாள் தங்கை. வடிகட்டியை நீட்டினாள். "வடிங்க."

ஞானி பதறினார். "திறக்கக் கூடாது! நாப்பது நாளைக்குத் திறக்கவே கூடாது! திறந்தவங்க உடம்புல ஏறிடும்!"

"ஸ்டெப்னிக்குப் போன ஆவி பெட்டியத் திறந்தா எப்படிங்க ஏறும்?"

ஞானி ஸ்டெப்னி உருண்டு போன திசையைத் திரும்பிப் பார்த்தார். அவர் யோசித்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

"ஏறட்டும்" என்றாள் தங்கை. "இவர்கூட முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவ நான். ஆவிதான் பயப்படணும்."

கூட்டத்தில் பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஆண்களால் தடுக்க முடியவில்லை. எங்களோடு வந்திருந்த மெக்கானிக் ஜாக்கி வைத்துத் தூக்கினார். மச்சான் குனிந்து பார்த்தான். மேல் மூடியில் ரோஜாக் கோடு உடைந்திருந்தது.

கீழ்மூடியைத் திறந்தார்கள். எண்ணெய் ஒழுகவில்லை, கூழாக விழுந்தது. வடிகட்டி நிமிஷத்தில் அடைத்துக்கொண்டது. பழுப்பாய், சதசதவென்று ஒரு உருண்டை.

ஞானி சுதாரித்துவிட்டார். இரண்டு கையையும் தூக்கினார். "பாத்தீங்களா! ஆவியோட சதை!"

கூட்டம் முழுவதும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒருவர் முன்னால் வந்து, "வீட்டுல வைக்க ஒரு சிட்டிகை கிடைக்குமா?" என்றார்.

மச்சான் மட்டும் வடிகட்டியைக் கையில் வாங்கினான். அந்த உருண்டையில் கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தான். மூக்கருகில் வைத்தான். அவன் முகம் மாறியது. பேய் பிடித்த முகம் அல்ல அது. வேலை செய்யும்போது இருக்கும் முகம்.

"இது மரத்தூள்" என்றான்.

"ஆவி எந்த ரூபத்துலயும்..."

"இருய்யா. பேக்கிங் பெட்டி அடிக்கிற மரம். ஈரம் காயாம அறுத்திருக்கான். ரம்பத்துக்குச் சாணை பிடிச்சு ஒரு வருஷம் ஆகுது." அவன் ஞானியை நிமிர்ந்து பார்த்தான். "ஆவிக்கு எதுக்குய்யா ரம்பம்?"

மெக்கானிக் விளக்கினார். மரத்தூள் தேய்ந்த பல்லுக்கு நடுவில் மெத்தை போல நின்று சத்தத்தை அமுக்கும். பிறகு எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பல் காய்ந்து சூடேறிப் பெட்டி இறுகும். "மலை இறக்கத்துல பின்சக்கரம் ரெண்டும் ஒரேயடியா நின்னா..." என்று ஆரம்பித்தவர், தங்கை நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மச்சான் வண்டியின் இரண்டாவது இருக்கையைப் பார்த்தான். பிறகு சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டான்.

"நாளைக்குப் பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்றான்.

"இதெல்லாம் முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்று கூட்டத்தில் ஒருவர் மெக்கானிக்கிடம் எகிறினார்.

"சொன்னேனே. என்னைத்தான் பேயோட ஏஜென்ட்டுன்னீங்க. இன்னொண்ணும் சொல்றேன், கேட்டுக்குங்க. ஞானியோட சொந்த வண்டி மூணு மாசத்துக்கு ஒருதடவை என்கிட்டதான் சர்வீசுக்கு வருது."

எல்லோரும் ஞானி பக்கம் திரும்பினார்கள். அங்கே வெள்ளைக் கோட்டு மட்டும் கிடந்தது. ஒரு மனிதன் தன் கோட்டுக்குள்ளிருந்து அவ்வளவு வேகமாக வெளியேறியதை நான் பார்த்ததில்லை. ரோடு ரோலர்காரர் துரத்திப் போனார். அன்றுதான் அந்த வண்டிக்கு வேகம் வந்தது.

மச்சான் அதற்குள் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான். பையிலிருந்து நூலை எடுத்து, அடிச்சட்டத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இழுத்துப் பிடித்தான். கீழேயிருந்து குரல் வந்தது: "ரெண்டு விரக்கடை கோணல்! கதவா இருந்தா பத்தடி தள்ளி நின்னே சொல்லியிருப்பேனே!"

"வண்டின்னதும் கண்ணைக் கழட்டி வச்சிட்டீங்க" என்றாள் தங்கை.

இங்கே கதையை முடித்தால் எல்லோருக்கும் புத்தி வந்துவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். முடிக்கமாட்டேன். சிட்டிகை கேட்டாரே, அவர் தங்கையின் பக்கத்தில் வந்து பவ்யமாக நின்றார். பின்னால் ஏழெட்டுப் பேர்.

"அம்மா, ஆவி இருந்த பெட்டியவே தைரியமாத் திறக்க வச்சிட்டீங்க. உங்ககிட்ட என்னவோ ஒரு சக்தி இருக்கு. அந்த வடிகட்டியால என் வண்டியையும் ஒருதடவை தொட்டுக் குடுங்கம்மா."

தங்கை அவர் குரல் வந்த திசையைப் பார்த்தாள். வடிகட்டியை உதறினாள்.

"இது ஓட்டை போட்ட தகரம்ங்க. உங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கும். மூளையும் அப்படித்தான், வீட்டுக்கு வீடு இருக்கு. பரண்லேருந்து எடுத்துப் பொழங்குங்க."

அவர் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, பின்னால் நின்றவரிடம் மெல்லக் கேட்டார்: "எந்தப் பக்கத்துப் பரண்னு அம்மா சொல்லலியே?"