பச்சை காட்டிய மெஷினும் ஒற்றைச் செருப்பும்

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு, பூவத்திலிருந்து சுகிர்தா வணக்கத்துடன் எழுதுவது.

செவ்வாய்க்கிழமை அப்பா வயலிலிருந்து ஒரு கால் செருப்போடு வந்தார். நான் முதலில் பார்த்தது அதைத்தான். மற்றபடி இங்கு எல்லாரும் நலம், அங்கு சித்தியும் நலம்தானே?

"இன்னொண்ணு எங்கப்பா?" என்றேன். குனிந்து பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. சேற்றில் எங்கோ கழன்றிருக்கிறது, அது தெரியாமலே சரளை ரோட்டில் நடந்து வந்திருக்கிறார். உட்காரவைத்து உள்ளங்காலைத் திருப்பினால் கருவேல முள். நான் பிடுங்கி முடித்த பிறகு, "என்ன புள்ள, புடுங்கிட்டியா இல்லியா?" என்று கேட்கிறார். சர்க்கரை காலுக்கு வந்துவிட்டது என்று அம்மா அழ ஆரம்பித்தார். சர்க்கரைக்காரர்களுக்குக் கண்ணில், காலில், கிட்னியில் என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லுமே, உங்கள் கம்பெனி ஆப்! அப்பா அதைத் திறந்து காட்டி, "பாரு, எல்லாம் பச்சை. உன் கொழுந்தன் மெஷினே சொல்லிடுச்சு" என்றார்.

அம்மா உங்களுக்குப் போன் போட்டபோது நீங்கள் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "லட்சம் பேரு கணக்கப் படிச்ச மெஷின் அண்ணி. ஒம்பதாவதோட நின்ன புள்ள பேச்சக் கேட்டுக்கிட்டு..." போனில் உங்கள் குரல் கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேனாவுக்கு அந்தக் கூச்சம் இல்லை, அதனால் எழுதுகிறேன். லட்சம் பேர் கணக்கைப் படித்த மெஷின் எங்கப்பா காலைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அது பச்சை காட்டாமல் என்ன செய்யும்? மாதம் ஒருமுறை விரலைக் குத்திச் சர்க்கரை அளவை ஆப்பில் ஏற்றவேண்டும், அது உங்களுக்கும் வரும் என்றீர்கள். உங்கள் முன் மானம் போகக்கூடாது என்று அப்பா இரண்டு நாள் முன்பே பரீட்சைக்குப் படிப்பதுபோல ஆரம்பித்துவிடுகிறார். பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணீர், வரப்பில் ஓட்டமும் நடையும், பட்டினி. பச்சை வந்துவிட்டால் பாஸான சந்தோஷத்தில் அன்று சாயங்காலமே காரைக்காலுக்குப் போய்ப் பரோட்டா. கால் மரத்துப்போகிறதா என்று அது கேட்கும் கேள்விக்கு 'இல்லை' என்று அவரே தட்டியிருக்கிறார். ஏன் என்று கேட்டால், "மரத்துப்போனா எனக்கு எப்படிப் புள்ள தெரியும்?" என்கிறார்.

உங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும். அந்தப் பொய் மெஷினைப் போனிலிருந்து அழிக்கப்போகிறேன்.

சித்திக்கு என் அன்பு. எங்கள் ஊர்ப் பிள்ளையார் உங்கள் கம்பெனியையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
ஒன்பதாவதோடு நின்ற
சுகிர்தா

பி.கு.: அழிப்பதற்கு முன் ஒரு தடவை பார்ப்போமே என்று, இன்று காலை அப்பா பல் விளக்கி வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் விரலைக் குத்திவிட்டேன். வந்த அளவை அப்படியே ஏற்றி, மரத்துப்போகிறதா என்பதற்கு 'ஆம்' என்று தட்டினேன். கால் படத்துக்கு நேரே சிவப்பு. உடனே டாக்டரிடம் காட்டச் சொல்கிறது. மெஷினைத் திட்டியதெல்லாம் வாபஸ், பொய் சொன்னது நாங்கள்தான். அப்பா, "ரெண்டு நாள் குடு புள்ள, பச்சையாக்கிக் காட்டுறேன்" என்றார். நான் வாசலுக்குப் போய், தெருவே திரும்பிப் பார்க்கும்படி, ஜவஹர் அலி அண்ணன் ஆட்டோவைக் கத்திக் கூப்பிட்டேன்.