வெண்பனி நேசன் மெட்டுக்கு எழுதமாட்டார்

விருதுநகர் மாவட்டத்தில் மழை குறைவு, கவிஞர்கள் அதிகம். அந்தக் கவிஞர்களுக்குள்ளே ஒரு தனி இனம் உண்டு. மெட்டுக்கு எழுதமாட்டேன் என்று சொல்கிற இனம். யாராவது வந்து எழுதச் சொன்னார்களா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். யாரும் சொல்லவில்லை. சொன்னால் மறுப்பதற்குத் தயாராக இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். டீக்கடையில் புதுப்பாட்டு ஓடினால் முகத்தைச் சுளித்துக்கொண்டு, பேப்பரைத் தூக்கி மறைத்துக்கொண்டு, தமிழ் இப்படிச் சீரழிகிறதே என்று பக்கத்தில் இருப்பவரிடம் பெருமூச்சு விட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். முகத்தைப் பார்க்காதீர்கள். பெஞ்சுக்கு அடியில் பாருங்கள். செருப்பு தாளம் போட்டுக்கொண்டிருக்கும். “இதெல்லாம் ஒரு வரியா?” என்று கேட்பார், கேட்பதற்கு முன்னால் இரண்டாவது சரணம் வரைக்கும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்துக் காட்டுவார். மேடை கிடைத்தால், கவிதை என்பது ஊற்று, பாட்டு என்பது அளவெடுத்துத் தைத்த சட்டை என்று முழங்குவார். அப்போது அவர் போட்டிருப்பதும் அளவெடுத்துத் தைத்த சட்டைதான். வெண்பாவும் அளவெடுத்துத் தைத்ததுதானே ஐயா என்று யாராவது பின்வரிசையிலிருந்து கேட்டால், அது மரபு என்று பதில் வரும். சீர் எண்ணி எழுதினால் மரபு. கீபோர்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினால் பிழைப்பு. புரிகிறதா? எனக்கும் புரிந்ததில்லை. ஆனால் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன்.

ஆம், நான்தான். மாதிரிக்கு ஒன்றைப் பிடித்து மேசைமேல் வைத்துக் காட்டவேண்டும் என்றால் வெளியே தேடி அலைவானேன்?

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். இதை நான் சொல்லாத இடம் கிடையாது. ரேஷன் கடை வரிசையில்கூடச் சொல்லியிருக்கிறேன், சர்க்கரை சீக்கிரம் கிடைக்கவில்லை. ஊர் ஆனைக்குட்டம் பக்கம். அப்பா சங்கிலிமுத்துவும் அம்மா சின்னத்தாயும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்து என்னைத் தமிழ் முதுகலை வரைக்கும் படிக்கவைத்தார்கள். அவர்கள் எனக்கு வைத்த பெயர் முனியராஜ். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நிலவைப் பற்றி எழுத முடியுமா? அதனால் நானே ஒன்று வைத்துக்கொண்டேன்: வெண்பனி நேசன். பனியை நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் குளிர்ச்சியாக இருக்கிற ஒரே பொருள் சர்பத் கடை ஐஸ் பெட்டி. அதற்கு ஊரெல்லாம் நேசர்கள்.

என் கவிதைத் தொகுப்பு வந்த அன்றைக்கு முதல் பிரதியைக் கொண்டுபோய் அம்மா கையில் கொடுத்தேன். அம்மா அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தாள். திருப்பிப் பின்னட்டையையும் வாசித்தாள்.

“ஏய்யா, ஒம் பேரு எங்கன இருக்கு?”

மேலே இருப்பது என் பெயர்தான் என்றேன்.

“இது வெண்பனின்னுல்ல போட்ருக்கு. அது யாரு?”

புனைபெயர் வைத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றி விரிவாக விளக்கினேன். அம்மா முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, “சரிய்யா, போகட்டும். அடுத்ததுலயாவது ஒழுங்காப் போடச் சொல்லு” என்றாள். அச்சடித்தவர்கள் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்றே அவள் முடிவு செய்துவிட்டாள்.

கவிதை சோறு போடாததால் திருத்தங்கலில் ஒரு லேபிள் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். பட்டாசுப் பெட்டிகளுக்கு ஒட்டும் லேபிள்கள். ஏராளமான பேர் கையில் போய்ச் சேர்ந்து, ஒருவரும் படிக்காமல் கிழித்தெறியும் இலக்கியம் எங்களுடையது. அந்த வகையில் என் கவிதைத் தொகுப்புக்கும் அதற்கும் பாதிப் பொருத்தம் உண்டு. தொகுப்பு யார் கையிலும் போய்ச் சேரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அன்பரசன் வந்தான். கல்லூரியில் என்னோடு படித்தவன். கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசிக்கிறவன். சொந்தமாக ஒரு பாட்டுப் போட்டு தீபாவளிக்கு முன்னால் யூடியூபில் விடப்போவதாகச் சொன்னான். மெட்டு ஆகிவிட்டது, சொல் இல்லை. செல்போனில் போட்டுக் காட்டினான். சொல் வரவேண்டிய இடமெல்லாம் அவன் குரலில் “தானனன்னா, தந்தனன்னா” என்று ஓடிக்கொண்டிருந்தது.

“ஏலே முனியா, ஒரு பல்லவி எழுதிக் குடுலே. ஒம் பேரப் போட்டு விட்ருவோம்.”

இந்த இனம் ஒப்புக்கொள்வதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முதல் தடவை கேட்டால் மறுக்கவேண்டும். இரண்டாவது தடவை லேசாகச் சிரித்துக்கொண்டே மறுக்கவேண்டும். மூன்றாவது தடவை, உனக்காகத்தான் என்று சொல்லி இறங்கிவரவேண்டும். முறைப்படி நான் கண்களை மூடிக்கொண்டு, சொல்தான் முன்னால் நடக்கவேண்டும், மெட்டு அதற்குப் பின்னால் கைகட்டி வரவேண்டும் என்று அவனுக்கு எடுத்துச் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். சரிலே என்று எழுந்து போனான். இரண்டாவது தடவை வரவேயில்லை. முறை தெரியாத பயல்.

ஆனால் அவன் போவதற்கு முன்னால் அந்த மெட்டை என் செல்லுக்கு அனுப்பச் சொல்லியிருந்தேன். எதற்கு? பாட்டு எவ்வளவு தாழ்ந்துவிட்டது என்பதற்கு ஓர் உதாரணம் வேண்டாமா? அந்த உதாரணத்தைக் காலையில் பல் தேய்க்கும்போது கேட்டேன், பேருந்தில் கேட்டேன், மத்தியானம் தயிர்ச்சோற்றோடு கேட்டேன். யாரும் பார்க்காதபோது எழுதியும் பார்த்தேன். “வெண்பனித் தூறலில் விழி நனைந்தவளே” என்று தொடங்கினேன். மெட்டு ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளித் துள்ளிப் போகிறது. என் வரியோ சந்துக்குள் நுழைந்த லோடு லாரி மாதிரி முதல் வளைவிலேயே மாட்டிக்கொண்டு முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்றது. வெண்பனியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். தூறலையும் எடுத்தேன். கடைசியில் ‘அவளே’ மட்டும் நின்றது. எழுத வராததை எழுதமாட்டேன் என்று சொல்லிக்கொள்வதில் எப்பேர்ப்பட்ட நிம்மதி இருக்கிறது என்பது அப்போது தெரிந்தது.

அந்த வாரம் அச்சகத்தில் சீசன் உச்சம். ஒரு கம்பெனி புஸ்வாணப் பெட்டியைச் சின்னதாக்கிவிட்டது. பெட்டியின் பக்க மடிப்பில் சிறுபிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி ஓர் எச்சரிக்கை போடவேண்டும் என்று ஆர்டர். எங்கள் கணினியில் லேபிள் வடிவமைக்கும் ஞானசுந்தரி என்னைக் கூப்பிட்டாள். ‘திரியைப் பற்றவைத்தவுடன் பாதுகாப்பான தூரத்தில் விலகி நிற்கவும், பற்றாத பட்டாசைக் கையால் தொடவேண்டாம்’ என்று நான் திருத்திக் கொடுத்திருந்த வாக்கியம் மடிப்பைத் தாண்டிப் பெட்டியின் அடிவரைக்கும் போயிருந்தது.

“கவிஞரே, இது மடிப்புல அடங்காது. சின்னதாச் சொல்லுங்க, லோடு நிக்குது.”

நின்றபடியே அவள் மேசையில் விரலால் தட்டிக்கொண்டு யோசித்தேன். என்ன தாளம் தட்டினேன் என்று அப்போது நான் கவனிக்கவில்லை, நீங்கள் கவனித்திருப்பீர்கள். வாயில் வந்ததைச் சொன்னேன்: “பத்த வச்சா எட்டி நில்லு, பத்தலைன்னா தொட்டுறாதே.”

அவள் அடித்தாள். மடிப்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. பேச்சுத் தமிழ் அச்சேறுகிறதே என்று வருத்தப்பட்டேன். டீ வந்தது. வருத்தத்தோடு வரியையும் மறந்துவிட்டேன். சீசனில் நாளெல்லாம் லேபிள் பார்க்கிறவன் எதையென்று நினைவில் வைப்பது? கவிதையா அது?

தீபாவளிக்கு முன்னால் அன்பரசனின் பாட்டு வந்தது. காதலைச் சொல்லாமல் தயங்கித் தயங்கி நிற்கிற பையனை ஒரு பெண் கேலி செய்கிற பாட்டு. நான் திருத்தங்கல் மினிபஸ்ஸில் கேட்டேன். பத்த வச்சா எட்டி நில்லு என்று அந்தப் பெண் பாடப்பாட, கண்டக்டர் விசிலால் தாளம் கொடுக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ‘பத்தலைன்னா’ வந்ததும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சேர்ந்து பாடுகிறார்கள். வேலை முடிந்து வரும் பெண்கள் சிரிப்பை முந்தானையில் அமுக்குகிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. எரிச்சலோடு எரிச்சலாக ஒரு சந்தேகமும் வந்தது. இந்த வரியை எங்கேயோ படித்திருக்கிறேனே? செல்லை எடுத்துப் பார்த்தேன். பாட்டுக்குக் கீழே, சரணம்: அன்பரசன். பல்லவி: யாரோ.

யாரோ என்று போட்டுவிட்டால் திருட்டு இல்லையென்று ஆகிவிடுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் இலக்கிய வட்டத்தில் என் பேச்சு. தலைப்பு, கவிதையும் பாட்டும். அங்கே என்னை எல்லாருக்கும் வெண்பனி நேசனாக மட்டும்தான் தெரியும். அந்தப் பல்லவியை எடுத்துவைத்துக்கொண்டு கிழித்தேன். பத்தலைன்னா என்றால் என்ன பத்தவில்லை, சோறா குழம்பா என்று கேட்டேன்; சபை சிரித்தது. குப்பை என்றேன், கை தட்டியது. கை தட்டியதும் என்னைப் பிடிக்க முடியவில்லை. இந்தக் குப்பையும் திருடப்பட்டது என்று அறிவித்தேன். யாரிடமிருந்து என்று தலைவர் கேட்டார். அடுத்த கூட்டத்தில் அந்த மூலக் கவிஞரையே கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்றேன். குப்பையை எதற்குத் திருடவேண்டும் என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். இலக்கியக் கூட்டங்களில் அப்படிக் கேட்பதில்லை.

மறுநாள் காலையில் அச்சகத்துக்குள் நுழைகிறேன், ஞானசுந்தரியின் மேசைக்கு முன்னால் அன்பரசன் நிற்கிறான். கையில் நசுங்கிப்போன புஸ்வாணப் பெட்டி. பாட்டைச் சென்னைக் கம்பெனி ஒன்று எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறதாம். ஆனால் ‘யாரோ’வை வைத்துக்கொண்டு வெளியிடமாட்டார்களாம், பல்லவி எழுதியவர் பெயரும் கையெழுத்தும் வேண்டும். இல்லையென்றால் அந்த வரியைத் தூக்கிவிட்டு அவர்கள் ஆளை வைத்து வேறு எழுதிக்கொள்வார்கள்.

“மாமா வீட்டுல சாம்பிள் கொளுத்தும்போது பெட்டில பாத்தேன்” என்று அவன் ஞானசுந்தரியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். “சும்மா மெட்டுல போட்டுப் பாத்தா, பொறந்ததுலருந்து அங்கனயே கெடந்த மாதிரி உக்காந்துருச்சு. அடியில இந்த அச்சகத்துப் பேரு இருந்துச்சு. எந்த மகராசன் எழுதுனதுன்னு கேக்கத்தான் வந்தேன்.”

ஞானசுந்தரி நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினாள்.

“மகராசன் இந்தா வாராரு.”

நான் பெட்டியை வாங்கிப் பார்த்தேன். மடிப்பில் இருந்தது. அப்போதுதான் எல்லாம் திரும்பி வந்தது: மேசை, விரல், தாளம். மெட்டுக்கு எழுதமாட்டேன் என்றவன் மெட்டுக்கும் எழுதி, பெட்டிக்கும் எழுதி, இரண்டு அளவுக்கும் ஒரே வரியில் கச்சிதமாகத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஊற்று அது பாட்டுக்கு வந்திருக்கிறது. நான்தான் வெண்பனிக்காகக் குழி தோண்டிக்கொண்டு வேறெங்கோ உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

அன்பரசன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். விருதுநகர்ச் செய்தி அவனுக்கும் எட்டியிருந்தது.

“நேத்து குப்பைன்னு சொன்னது இதத்தானாலே?”

நான் பெட்டியின் நசுங்கலை விரலால் நிமிர்த்திக்கொண்டிருந்தேன்.

“திருடுனவன் நான். பறிகுடுத்தவன் நீ. நல்லாருக்குலே கேஸு.”

“அடுத்த கூட்டத்துல மூலக் கவிஞரக் கொண்டாந்து நிறுத்துறேன்னீகளாமே” என்றாள் ஞானசுந்தரி. “ஒரு கண்ணாடியத் தூக்கிட்டுப் போங்க, போதும்.”

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். என்னுடையதுதான் என்று சொன்னால் சபைக்கு முன்னால் நான் கிழித்த குப்பைக்கு நானே தகப்பன். இல்லையென்று சொன்னால், மினிபஸ் முழுக்க வாய்விட்டுப் பாடிய வரியை, என் வாழ்நாளில் ஊர் பாடிய ஒரே வரியை, சென்னையில் எவனோ ஒருவன் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் வெண்பனித் தூறலை வைப்பான். அன்பரசன் பேனாவைத் திறந்து நீட்டினான்.

“என்ன பேரு போட? வெண்பனியா?”

“முனியராஜ்னு போடு.”

“ஏம்லே, வெண்பனி நேசனுக்கு என்ன?”

“அவரு மெட்டுக்கு எழுதமாட்டாரு.”

ஞானசுந்தரி சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்திவிட்டு ஆள் எட்டிப் பார்த்தார்.

சென்னைக் கம்பெனி பாட்டை வெளியிட்ட அன்று அப்பாவின் செல்லில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பாட்டை அவள் ஏற்கெனவே வேலைக்குப் போகிற வேனில் கேட்டுப் பாடம் பண்ணியிருந்தாள். பாட்டுக்கு முன்னால் வந்த பெயரைத்தான் நிறுத்தச் சொன்னாள். செல்லைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மு, னி, ய என்று ஒவ்வொன்றாகக் கூட்டி, கடைசி எழுத்து வரைக்கும் போனாள். அது கவிதையா பாட்டா என்று அவள் கேட்கவில்லை.

“இப்பத்தான்யா ஒழுங்காப் போட்ருக்காக.”

அதோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுதி முடிக்கத்தான் ஆசை. இந்த இனம் திருந்துவதில்லை. அடுத்த கூட்டத்தில் தலைவர் ஞாபகமாகக் கேட்டார். விசாரித்துவிட்டதாகவும், திருட்டு எதுவும் இல்லை என்றும், மூலக் கவிஞர் ஆனைக்குட்டம் பக்கத்து இளைஞர் முனியராஜ் என்றும், நல்ல பையன், இன்னும் நிறைய வாசிக்கவேண்டும் என்றும் வெண்பனி நேசன் எழுந்து அறிவித்தார். தலைவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அந்த முனியராஜை வரவழைத்துச் சால்வை போர்த்தவேண்டும் என்று அங்கேயே தீர்மானம் போட்டார்கள். அழைத்துவரும் பொறுப்பும் வரவேற்புரையும் என்னிடம். அழைப்பிதழ் எங்கள் அச்சகத்துக்குத்தான் வந்திருக்கிறது. இரண்டு பெயரையும் அடுத்தடுத்த வரியில் வைத்துவிட்டு ஞானசுந்தரி அடிக்கடி என் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பல்லவியை இங்கே படித்தீர்களே, மெட்டே தெரியாமல் படித்தீர்களே, அப்போது உதடு லேசாக அசைந்ததா? காலோ விரலோ எதையாவது தட்டியதா? சே, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை, இந்த மாதிரிப் பாட்டெல்லாம் கேட்கிற வழக்கமில்லை என்று இப்போதே மறுக்கத் தோன்றுகிறதா?

அப்படியானால் பெயரைச் சொல்லுங்கள். அழைப்பிதழில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது. சின்னதாகச் சொல்லுங்கள், மடிப்பில் அடங்கவேண்டும்.